தென்கடல் எஃப்.சி. கணக்கு நோட்டு

போன வருஷம் பதிவுக்கு எழுநூறு ரியால்.
இந்த வருஷம் ஆயிரத்து ஐந்நூறு.
ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கு இருபது,
பதினாறு அட்டை.
நடுவர் தீர்ப்பை மறுத்துப் பேச வேண்டுமென்றால்
முன்பணம் இருநூறு. பேசாமல் இருந்தால்
திருப்பித் தருவார்களா என்று
நோட்டீஸில் எங்கும் போடவில்லை.

நான் ஸ்டோர் கீப்பர்.
ஜுபைல் பிளான்ட்டில் நட்டும் போல்ட்டும் கேஸ்கட்டும்
எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறவன்.
அதனால்தான் பொருளாளர்.
மைதானத்தில் பந்து என் காலுக்கு வந்தால்
'வெளிய தட்டுலே' என்றுதான் சத்தம் வரும்.

எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.
டர்ஃப் வாடகை, விளக்கு, ஆம்புலன்ஸ், கோப்பை.
அமைப்பாளர் நான்கு விரலை மடக்கினார்.
ஐந்தாவதை மடக்காமல் தேநீரை எடுத்துக்கொண்டார்.

அந்த விரல் எங்களுக்குத் தெரியும்.
தம்மாமிலிருந்து வியாழன் இரவு
டாக்ஸியில் வந்து இறங்கும் கால்கள்.
விசிட் விசாவில் வந்து
மூன்று வாரம் ஆடிவிட்டு விமானம் ஏறும் கால்கள்.
ஆட்டத்துக்கு இருநூற்றைம்பது, கோலுக்கு ஐம்பது.
அப்படி ஆட வைக்கிற அணிக்கு
ஆயிரத்து ஐந்நூறு ஒரு தொகையா?

எங்கள் இருப்பு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்து.
மூன்று பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை,
அவர்களை விட்டுவிட்டேன்.
பதிமூன்று பேர், தலைக்கு நாற்பது.
அப்படியும் நூற்றுப் பதினைந்து குறைந்தது.

சகாயசீலன் நூற்றைம்பதை நீட்டினான்.
'மிச்சத்துக்கு ஐஸ் வாங்கு.
என் அட்டைய வேற ஆளு பேர்ல எடு.'
ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் அணி
அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாம்.
யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
அவனாகவே சொன்னான்:
'ஸ்கஃபோல்டிங் பைப்பு தூக்குற தோளுக்கு
மணிக்கு இவ்வளவுன்னு உண்டு மக்கா.
காலுக்கு ஒருத்தன் வெல சொன்னது
இப்பத்தான்.'

பதினாறாவது அட்டையில்
கேம்ப் சமையல்காரர் ரொசாரியோவின் படம் ஒட்டினோம்.
வயது நாற்பத்தாறு. வலது முட்டில் நீர்.
படத்தில் நன்றாகவே இருந்தார்.

காலிறுதியில் அந்த அணிதான் வந்தது.
பென்சிகர் இடப்பக்கம் சாய
ஒரு மூச்சு தாமதிப்பான்.
மூன்று வருஷம் கேம்ப் பார்க்கிங்கில்
தண்ணீர்க் கேனைக் கம்பமாக வைத்து
எங்களோடு ஆடியவனுக்குத்தான் அது தெரியும்.
பந்து அங்கேதான் போனது.
அடித்தவன் கையைத் தூக்கவில்லை,
குனிந்து லேஸைக் கட்டினான்.
ஏற்கெனவே கட்டியிருந்த லேஸ்.

ஆஃப்சைடு.
கோட்டுக்குப் பக்கத்தில்
ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த எனக்கு
முழுத் தோள் தெரிந்தது.
இருநூறு கட்டியிருக்கிறேன்,
எழுந்து பேசலாம்.
பேசித் தோற்றால் இருநூறு போகும்.
பேசி ஜெயித்தால்
அவனுக்கு ஐம்பது போகும்.
கணக்குப் போட்டு முடிப்பதற்குள்
நடுவில் பந்தை வைத்துவிட்டார்கள்.
கணக்கு மெதுவாகத்தான் போட்டேன்.

ஒன்று பூஜ்யம்.
கடைசி ஐந்து நிமிஷம் ரொசாரியோ இறங்கினார்,
ஒரு தடவை பந்தைத் தொட்டார்,
பஸ்ஸில் அதையே மூன்று விதமாகச் சொன்னார்.

கடைக்காரரின் ஆட்கள் ஹோட்டலுக்குப் போனார்கள்.
சகாயசீலன் எங்கள் பஸ்ஸிலேயே ஏறினான்.
இன்றைக்கு அவனுடைய சமையல் முறை.
'ஆஃப்சைடாலே?' என்றேன்.
'ஆமா' என்றான்.
ஜன்னலில் ரிஃபைனரி தீ
ஈரக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எரிந்தது.

இரவு நோட்டை எடுத்தேன்.
முன்பணம் இருநூறு: வரவில்லை.
நூற்றைம்பது: வரவு, சகாயசீலன்.
நன்கொடை என்று எழுதி அடித்தேன்.
சந்தா என்று எழுதி அடித்தேன்.
அடுத்த வருஷம் இரண்டாயிரம் என்கிறார்கள்.

அடுப்பிலிருந்து கரண்டியை நீட்டி
உப்பு பார்க்கச் சொன்னான்.
சரியாக இருந்தது.
இன்னும் கொஞ்சம் போடு என்றேன்.